வீடு இருக்கும் இடமும் இன்ஷூரன்ஸ் கட்டணமும்

சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், எங்க ஃப்ளாட் நல்ல ஏரியாவில் இருக்கிறது. இன்றைக்கு எழுபது லட்சம் விலை சொல்கிறார்கள். அதை இன்ஷூர் செய்தால் வருஷத்துக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் ஆகிவிடாதா? அதனால்தான் அந்தப் பக்கமே போகவில்லை."

கேள்வி ஒருவருடையது என்றாலும் சந்தேகம் பல குடும்பங்களுக்கு இருக்கிறது. ஆகவே இங்கே எழுதுகிறேன். நான் இன்ஷூரன்ஸ் துறையைச் சேர்ந்தவன் அல்லன். சிவில் டிப்ளமோ படித்து, மேற்கு ரயில்வேயில் 38 ஆண்டுகள், பெரும்பாலும் பாலங்களோடு காலம் தள்ளிவிட்டு, 2019 மே மாதம் வதோதராவில் ஓய்வு பெற்றவன். இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் நல்ல ஃபீஸ் கட்டிப் பாடம் படித்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நிலத்தின் விலை வேறு, வீட்டின் விலை வேறு

நண்பர் சொன்ன எழுபது லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, பேட்டையின் மவுசு, ஸ்டேஷனும் பள்ளிக்கூடமும் பக்கத்தில் இருப்பதன் விலை. தீயோ வெள்ளமோ வந்தால் இவை போய்விடுவதில்லை. கட்டடம்தான் போகும். ஆகவே, அதே வீட்டைத் திரும்பக் கட்ட இன்று என்ன செலவாகுமோ அந்தத் தொகைக்குத்தான் காப்பீடு.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. கார்ப்பெட் ஏரியா 800 சதுர அடி. சதுர அடிக்கு 2,000 ரூபாய் கட்டுமானச் செலவு என்றால் காப்பீட்டுத் தொகை 16 லட்சம். ஆயிரத்துக்கு 50 காசு வீதம் பிரீமியம் என்று வைத்துக்கொண்டால், வருஷத்துக்கு 800 ரூபாய். வரி தனி. வீதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. எழுபது லட்சம் இதில் எங்குமே வரவில்லை, பாருங்கள்.

அப்படியானால் இடத்துக்கும் பிரீமியத்துக்கும் சம்பந்தம் இல்லையா? உண்டு. ஆனால் புரோக்கர் பார்க்கும் இடம் வேறு, இன்ஷூரன்ஸ் கம்பெனி பார்க்கும் இடம் வேறு.

கம்பெனி எதைப் பார்க்கிறது?

முதலாவது, பூமி. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2002-ல் திருத்திய நிலநடுக்க வரைபடம் நாட்டை இரண்டு முதல் ஐந்து வரை எண்ணிட்ட நான்கு மண்டலங்களாகப் பிரித்தது. எண் கூடக் கூட ஆபத்தும் கூடும். குவாஹாட்டியும் புஜ்ஜும் ஐந்தில், டில்லி நான்கில், மும்பை, அகமதாபாத், வதோதரா, சென்னை மூன்றில், நாகபுரி, ஹைதராபாத், பெங்களூர் இரண்டில். ஒரே அளவு, ஒரே மாதிரி வீடு குவாஹாட்டியில் இருந்தால் ஒரு வீதம், நாகபுரியில் இருந்தால் வேறு வீதம் என்று கேட்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இரண்டாவது, தண்ணீர். ஆறு, ஏரி, பழைய வாய்க்கால், தாழ்வான நிலம். 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததையும், மித்தி நதிக்கரைப் பகுதிகள் மூழ்கியதையும் அங்குள்ள நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2006 ஆகஸ்டில் உகாய் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சூரத் நகரின் பெரும்பகுதிக்குள் புகுந்தது.

மூன்றாவது, காற்று. கடலோர ஊர்களுக்கு இது முக்கியம். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தை நேராகவே தாக்கியது.

நான்காவது, அண்டை அயல். கீழ்த்தளத்தில் பெயிண்டுக் கடையோ பஞ்சு கோடவுனோ இருந்தால் மேலே குடியிருப்பவருக்கும் ஆபத்துதான். தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துக்கும் அப்படியே. திருட்டுக்குத் தனியாகக் காப்பீடு எடுப்பவர்களிடம் எந்த மாடி, காவலாள் உண்டா, ஜன்னலுக்குக் கம்பி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள்.

அன்றும் இன்றும்

2006 கடைசி வரை தீக் காப்பீட்டுக்கு நாடு முழுவதற்கும் ஒரே கட்டண அட்டவணைதான். நிலநடுக்கத்துக்கு மட்டும் ஊரைப் பார்த்து மண்டலவாரியாக வீதம் உண்டு. வெள்ளத்துக்கு அப்படிப் பிரிக்கவில்லை. ஆற்றங்கரையில் இருப்பவரும் மேட்டில் இருப்பவரும் ஒரே பணம் கட்டினார்கள். 2007 ஜனவரி 1 முதல் இந்தக் கட்டுப்பாடு விலகியது. அதன்பின் ஒவ்வொரு கம்பெனியும் தன் கணக்குப்படி வீதம் வைக்கலாம் என்றாயிற்று.

2021 ஏப்ரல் 1 முதல் இன்னொரு மாற்றம். 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுப் பாலிசி வந்தது. நிபந்தனைகள் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றுதான், விலைதான் வேறு. தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். வீட்டுச் சாமான்களுக்கும், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, தானாகவே காப்பு உண்டு. நகைகளுக்குத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும்.

நான் செய்த தவறு

இப்போது என் கதை. 2012-ல் விசுவாமித்ரி ஆற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சொசைட்டியில் கீழ்த்தள வீடு வாங்கினேன். வயதான காலத்தில் மாடி ஏற வேண்டாமே என்று என் மனைவியும் நானும் நினைத்தோம். அப்போதே இன்ஷூரன்ஸும் எடுத்தேன். அந்த நாளைய பாலிசியில் புயல், வெள்ளப் பிரிவு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் பிரீமியத்தில் கொஞ்சம் குறைப்பார்கள். வருஷத்துக்கு இருநூறு ரூபாய் கூட இருக்காது. நான் எழுதிக் கொடுத்தேன். வருஷா வருஷம் அப்படியே புதுப்பித்தும் வந்தேன்.

இதைச் செய்தவன் யார் என்று யோசியுங்கள். ரயில்வேப் பாலங்களின் தூண்களில் 'ஹெச்.எஃப்.எல்.' என்று எழுதி, ஒரு கோடு போட்டு, பக்கத்தில் வருஷத்தைக் குறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடத்தில் வெள்ளம் எந்த உயரம் வரை வந்தது என்பதற்கான அடையாளம் அது. அந்தக் கோடுகளைப் பார்ப்பதும், மழைக்காலத்துக்கு முன் பெயிண்ட் அடிக்கச் சொல்வதும் என் வேலை. பாலத்தின் உத்தரம் அந்தக் கோட்டுக்கு எத்தனை மேலே என்று தெரியாமல் ஒரு நாளும் தூங்கியதில்லை. ஆனால் என் வீட்டு வாசற்படி எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

2019 ஜூலை 31. ஓய்வு பெற்று இரண்டு மாதம். வதோதராவில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராத்திரி பதினோரு மணிக்கு வாசலில் தண்ணீர். விடிவதற்குள் வீட்டுக்குள் இரண்டரை அடி. தெருக்களில் முதலைகள் வந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். நாங்கள் இரண்டாம் மாடி குஜராத்திக் குடும்பத்தின் வீட்டில் மூன்று நாள் இருந்தோம். ஃபிரிட்ஜ், கட்டில், பீரோவின் கீழ்த்தட்டு, என் மனைவியின் தாயார் கொடுத்த வீணை, எல்லாம் போயிற்று. நஷ்டம் ஒன்றே முக்கால் லட்சம். பாலிசியை எடுத்துப் பார்த்தால், வெள்ளம் இல்லை என்று என் கையெழுத்திலேயே இருந்தது.

"பாலத்துக்கெல்லாம் பார்த்தீங்க. வீட்டுக்குப் பார்க்கலையே" என்றாள் மனைவி. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தண்ணீர் வடிந்த பிறகு வாட்ச்மேன் காம்பவுண்டுச் சுவரின் ஓர் இடத்தைக் காட்டினார். "2005-ல் இதுவரை வந்தது, சாஹிப்." ஏழு வருஷம் தினமும் அவருக்கு நமஸ்தே சொல்லியிருக்கிறேன். இதை ஒரு தடவை கேட்டதில்லை.

பின்கோடு மட்டும் போதாது

புதிய பாலிசி வந்ததும் இரண்டு கம்பெனிகளில் விலை கேட்டேன். ஒன்று ஊர் முழுவதற்கும் ஒரே வீதம் சொன்னது. மற்றொன்று என் பின்கோட்டைப் பார்த்துச் சற்றுக் கூடுதலாகக் கேட்டது. வருத்தப்படவில்லை, நியாயம்தான். ஆயிரத்துக்கு 50 காசு 75 காசானாலும், முன் சொன்ன 16 லட்சத்துக்கு வருஷத்தில் 400 ரூபாய்தான் வித்தியாசம்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பின்கோடு 1972-ல் தபால் பிரிப்பதற்காக வந்தது. தண்ணீருக்கு அது தெரியாது. ஒரே பின்கோட்டில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. நிலநடுக்க மண்டலமும் அப்படித்தான். 2001 ஜனவரி 26 பூகம்பத்தின் மையம் கட்ச் பகுதியில். இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால், மூன்றாம் மண்டலத்தில் உள்ள அகமதாபாத்தில் பல மாடிக் கட்டடங்கள் இடிந்தன. பக்கத்திலேயே பல கட்டடங்கள் விரிசலோடு தப்பின. இடிந்தவற்றில் பல, சபர்மதியின் பழைய வண்டல் மண்ணின் மேல் நின்றவை. கீழ்த்தளத்தைக் கார் நிறுத்தச் சுவரில்லாமல் தூண்களாக விட்டவை. மண்டலம் ஊருக்குப் பொது. மண்ணும் தூணும் அவரவர் வீட்டுக்குச் சொந்தம்.

ஆகவே கம்பெனி கேட்கும் விலையை வைத்து 'நம் இடம் பத்திரமானது' என்று முடிவு செய்யாதீர்கள். குறைந்த பிரீமியம் வீட்டுக்குக் கொடுத்த நற்சான்றிதழ் அல்ல.

நாம் செய்யக்கூடியவை

1. தெருவில் பழைய ஆட்களிடம் கேளுங்கள்: தண்ணீர் எந்த வருஷம், எதுவரை வந்தது? வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், மளிகைக் கடைக்காரர் சொல்வார்கள்.

2. மறுகட்டுமானச் செலவுக்குத்தான் தொகை போட வேண்டும். விற்பனை விலைக்குப் போட்டு வீண் பிரீமியம் கட்ட வேண்டாம்; கட்டணம் குறைய வேண்டும் என்று குறைத்தும் போட வேண்டாம்.

3. குறைந்தது இரண்டு கம்பெனிகளில் விலை கேளுங்கள். இடத்தை அவர்கள் ஒரே மாதிரி எடை போடுவதில்லை.

4. எந்தத் தளம், கீழே கடை உண்டா, கூரை என்ன என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அங்கே மறைத்தால் நஷ்ட ஈட்டில் தகராறு வரும்.

5. நம்மில் பலருக்கு ஊரிலும் வீடு இருக்கிறது. நாகப்பட்டினத்து வீட்டுக்கு 2018 கஜா புயலும், சென்னையில் அடையாற்றங்கரை வீட்டுக்கு 2015 வெள்ளமும் நினைவிருக்கட்டும். இங்குள்ள வீட்டின் பாலிசி அந்த வீட்டைக் காக்காது. அதன் முகவரியைத் தனியாகக் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் அதையும் சொல்லி, என்ன நிபந்தனை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முடிவாக ஒன்று. 2019 வெள்ளத்துக்குப் பிறகு, பழைய பழக்கத்தில், எங்கள் சொசைட்டிச் சுவரில் ஒரு கோடு போட்டு, வருஷத்தையும் எழுதி வைத்தேன். ஒரே வாரத்தில் கமிட்டியார் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். வீடு வாங்க வருகிறவர்கள் பார்த்தால் விலை இறங்கிவிடுமாம்.

2024 ஆகஸ்டில் விசுவாமித்ரி 35 அடியையும் தாண்டியது. தண்ணீர் என் பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே நின்றது. இந்த முறை பாலிசியில் வெள்ளம் இருந்தது. சர்வேயர் வந்தார், போட்டோ எடுத்தார், பில்களைக் கேட்டார். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை என்றாலும் பெரும்பகுதி கைக்கு வந்தது. கமிட்டிக் கூட்டத்தில் நான் ஒன்றும் பேசவில்லை. அவர்களே வந்து, "காகா, அந்தக் கோட்டை மறுபடி போட்டுக் கொடுங்கள்" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். இரண்டு வருஷங்களையும் எழுதியிருக்கிறேன்.

உங்கள் சுவரில் எந்த வருஷம் எழுத வேண்டும் என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே விசாரியுங்கள். பிறகு ஏஜெண்டுக்குப் போன் செய்யலாம்.