தாடை வாரை மாட்டியாச்சா?



மலேசியாவில் 16 வயதிலேயே மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் எடுக்கலாம். படிவம் 4 படிக்கும்போதே கைக்குச் சாவி வந்துவிடுகிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தான். தலைக்கவசச் சட்டம் 1973-லேயே வந்துவிட்டது. ஆனாலும் "பக்கத்துக் கோயிலுக்குத்தானே போறேன்" என்று தலைக்கவசத்தை வீட்டில் வைத்துவிட்டு வருபவர்களை வெள்ளிக்கிழமைகளில் பார்க்கிறேன். சிலர் போடுவார்கள், வாரை மாட்ட மாட்டார்கள். கீழே விழும்போது அது கழன்று ஓடிவிடும். தலைதான் தரையில் மோதும்.

பெரியவங்க சொன்னா அது அறிவுரை. கூட்டாளி சொன்னா காதில் ஏறும். அதனால் இடைநிலைப்பள்ளி மாணவர்களிடம் நான் கொடுக்கும் வேலை இது:

1. எண்ணுங்கள். ஆசிரியர் அனுமதியோடு ஒரு வாரம் பள்ளி வாசலில் நின்று, எத்தனை பேர் வாரை மாட்டி வருகிறார்கள் என்று குறியுங்கள். பெயர் வேண்டாம்; எண்ணிக்கை போதும்.

2. காட்டுங்கள். அந்த எண்ணிக்கையைச் சபைகூடலில் சொல்லுங்கள். வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்குவதைச் செய்து காட்டுங்கள்.

3. கேளுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறவில்லையா? திட்டாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். வெயிலா? முடி கலையுதா? பின்னால் உட்காரும் தங்கச்சிக்குத் தலைக்கவசம் இல்லையா? காரணம் தெரிந்தால்தான் வழி பிறக்கும்.

கலந்துரையாட: உன் கூட்டாளி வாரை மாட்டாமல் கிளம்புகிறான். அவன் மனம் நோகாமல் என்ன சொல்வாய்?