கர்ப்ப காலத்தில் இடுப்பு வலி: தம்பதிகள் அறிய வேண்டியவை



மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கொழுந்துக்கூடையோடு சரிவில் ஏறி இறங்கினார்கள். 2024 ஜூன் மாதம் அந்த வேலை நின்றது. மலையில் இருந்தாலும் சரி, கீழே அம்பாசமுத்திரம் பக்கம் பீடி சுற்றினாலும் சரி, உண்டாகியிருக்கும் பெண்கள் பலர் சொல்வது ஒன்றுதான்: "இடுப்பு விட்டுப்போகுது." சுமார் ஐந்து கர்ப்பவதிகளில் ஒருவருக்கு இந்த வலி வருகிறது.

வலி ஏன் வருகிறது?

இடுப்பெலும்பில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என மூன்று மூட்டுகள் உண்டு. கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் இவற்றைக் கட்டியிருக்கும் நார்களைத் தளர்த்துகின்றன. வயிற்றுக் கனமும் கூடுகிறது. அதனால் பின்னிடுப்பிலும் தொடையிடுக்கிலும் வலிக்கும். படி ஏறினால், படுக்கையில் புரண்டால் அதிகமாகும். இதனால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. பிரசவத்துக்குப் பின் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடும்.

மனைவி செய்ய வேண்டியவை

1. ஒருக்களித்துப் படுங்கள். முழங்கால்களுக்கு நடுவே தலையணையோ மடித்த சேலையோ வையுங்கள்.
2. புரளும்போதும் எழும்போதும் முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள்.
3. ஒற்றைக் காலில் நிற்காதீர்கள். பாவாடையை உட்கார்ந்தே மாட்டுங்கள்.
4. குடத்தை ஒரு பக்க இடுப்பில் சுமக்காதீர்கள்.
5. சம்மணம் போட்டு நெடுநேரம் இருக்காதீர்கள். அடிக்கடி எழுந்து மெதுவாக நடங்கள்.
6. டாக்டரைக் கேட்காமல் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள்.

கணவர் செய்ய வேண்டியவை

தண்ணீரும் விறகும் நீங்கள் தூக்குங்கள். "எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். பரிசோதனைக்கு உடன் சென்று, வலியை நர்ஸம்மாவிடம் சொல்லச் செய்யுங்கள்.

எது அபாயம்?

உதிரம் படுதல், தண்ணீர் போல் கசிதல், காய்ச்சல், நீர் கழிக்கையில் எரிச்சல், குழந்தையின் அசைவு குறைதல், மாதம் நிறையும் முன்பே விட்டுவிட்டு ஒழுங்காக வரும் வலி, முதல் மூன்று மாதத்தில் ஒரு பக்கமாக வரும் கடும் வலி. இவை மூட்டு வலி அல்ல. "சூட்டு வலிதான், சீரகத் தண்ணி குடிச்சா அடங்கிடும்" என்று காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வண்டிக்கு 108-ஐ அழையுங்கள்.

மணிமுத்தாறுக்கு இறங்கும் பாதை காட்டு வழி. மழையில் இன்னும் நேரமாகும். ஆகவே பிரசவம் எங்கே, வண்டி எது, துணை யார் என்பதை எட்டாம் மாதத்திலேயே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். மலையில் இருப்பவர்கள் நாள் நெருங்கும் முன்பே கீழே வந்து தங்குவது நல்லது.