குளிர்கால வாற்கோதுமை

நோயுற்றார்க்குக் கஞ்சியாகக் காய்ச்சித் தரும் பார்லியை நீங்கள் அறிவீர்கள். வாற்கோதுமை என்பது அதன் தமிழ்ப் பெயர். மணியின் நுனியில் வால் போன்ற நீண்ட கூர் அமைந்திருத்தலின் இப்பெயர் மிகவும் பொருத்தமுடையது. இங்கிலாந்து நாட்டு உழவர் இதனை இரு பருவங்களில் விதைக்கின்றனர். இளவேனிலில் விதைப்பது ஒன்று; செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் விதைத்துப் பனிக்காலம் முழுதும் நிலத்தில் நின்று ஜூலையில் அறுவடையாவது மற்றொன்று. பின்னதே குளிர்கால வாற்கோதுமை. சில வாரங்களேனும் குளிர்பட்டாலன்றி அது செவ்வனே கதிர் ஈனாது.

எவ்வகை விதை மிகுதியாக விளையும் என்பது அவ்வுழவர் ஆண்டுதோறும் வினவும் வினா. நிலத்தையும் வானத்தையும் கருதாது இதற்கு விடை கூறல் இயலாது.

வாற்கோதுமைக் கதிரின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று பூக்கள் உண்டு. அறுவரிசை வகையில் மூன்றும் மணியாகும். இருவரிசை வகையில் நடுப்பூ ஒன்றே மணியாகும். ஆதலின் இருவரிசைப் பயிர் நன்கு விளைய, கதிர்கள் மிகப் பல வேண்டும். ஒரு சதுர மீட்டரில் 700, 800 கதிர்கள் நின்றால் நலம். அவற்றுள் பெரும்பாலன தூர்களிலிருந்து எழுவன. நெல் தூர் கட்டுவதைக் கண்டவர்க்கு இஃது எளிதில் விளங்கும். காலத்தே விதைத்தால் தூர் பெருகும். தாழ்த்தி விதைத்தால் குறையும். இளவேனிலில் ஈரம் வற்றினாலோ, கட்டிய தூர்களுள்ளும் பல கதிராகாமல் மாயும். அறுவரிசை வகை, கதிர் குறைந்தவிடத்தும் மணிகளின் எண்ணிக்கையால் ஓரளவு ஈடு செய்யும். ஆயின் அதன் மணிகள் பொதுவாகச் சிறியன.

நீர் தேங்கும் நிலமும் புளிப்பு மண்ணும் இப்பயிர்க்கு ஆகா. 2019-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தில் பெருமழை பெய்தது. 2020 பிப்ரவரியில் பிரிட்டனில் அதுவரை எந்தப் பிப்ரவரியிலும் காணாத மழை கொட்டியது. அதே ஆண்டின் மே மாதமோ, இங்கிலாந்து அதுவரை கண்ட மே மாதங்களுள் மிக வறண்டது. சேற்றில் வேரோடாது நின்ற பயிர் உடனே வறட்சியையும் தாங்க வேண்டியதாயிற்று. விளைச்சல் வீழ்ந்ததில் வியப்பென்ன?

நோயும் நிலத்தைப் பொறுத்ததே. வாற்கோதுமையின் இலையை மஞ்சளாக்கும் நச்சுயிரி ஒன்று, 1980-இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது. மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று அதனை வேருக்குக் கொண்டுசெல்லும். ஒரு முறை புகுந்த வயலில் அது பல்லாண்டு நீங்காது. அத்தகைய வயலில், பிற இடங்களில் முதன்மை பெற்ற வகையும் எதிர்ப்பாற்றல் இல்லையேல் நலிந்துபோகும். இதுபற்றியே ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு புதிய வகையையும் பல ஊர்களில், பல ஆண்டுகள் விதைத்துப் பார்க்கின்றனர். அவர்கள் வெளியிடும் சராசரி பயனுடையதுதான். எனினும் எவருடைய வயலும் சராசரி வயல் அன்று.

எரு மிகுதியும் எப்போதும் நன்மையன்று. தழைச்சத்து மிகுந்தால் விளைச்சல் கூடும். ஓர் எல்லைக்குமேல் தாள் சாயும். மணியில் புரதம் ஏறும். கால்நடைத் தீவனத்திற்கு அதனால் குறையில்லை. முளைகட்டி மால்ட் ஆக்குவோரோ அம்மணியை ஏலார். கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டு 1965-இல் வெளிவந்த மேரிஸ் ஆட்டர் என்னும் வகை, இன்றைய வகைகளோடு விளைச்சலில் போட்டியிட இயலாதது. ஆயினும் அதன் மால்ட்டை விரும்புவோர் கூடுதல் விலை தருதலின், நார்போக்கின் இலேசான மண்ணில் இன்றும் அதனை விதைத்து வருகின்றனர்.