பூட்டன் பிறந்த ஊர் எது?

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை அந்தப் பஞ்சம் வாட்டியது. மழை பொய்த்தது. ஏரி, குளம் வற்றின. மைசூர் ராஜ்யத்தில் 1871ல் சுமார் 50 லட்சம் பேர் இருந்தார்கள். 1881ல் மறுபடியும் மக்கள் கணக்கு எடுத்தார்கள். சுமார் 42 லட்சம் பேர்தான் இருந்தார்கள்.

சோறு தேடி ஜனங்கள் பெங்களூருக்கு நடந்து வந்தார்கள். பலர் வழியிலேயே இறந்தார்கள். பிள்ளைகள் அனாதையாக நின்றார்கள். மிஷன் இல்லங்கள் அவர்களை எடுத்து வளர்த்தன. வெஸ்லியன் மிஷன் தும்கூரில் ஆண் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தியது. ஹாசனில் பெண் பிள்ளைகளுக்கு நடத்தியது. பெங்களூரில் நல்லாயன் கன்னியர்களும் அனாதைப் பிள்ளைகளை வளர்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் வளர்ந்து குடும்பம் ஆனார்கள். "நம் பூட்டன் இல்லத்தில் வளர்ந்தாராம். அவர் ஊர் தெரியாது" என்று இன்றும் சில வீடுகளில் சொல்வார்கள். அந்த ஊரைத் தேடுவது எப்படி?

முதலில் வீட்டுப் பெரியவர்களைக் கேட்க வேண்டும். எந்த இல்லம்? எந்தக் கோவிலில் கல்யாணம்? வீட்டில் என்ன மொழி பேசினார்? எல்லாவற்றையும் நோட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது பதிவேடு. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் தேதியும் இருக்கும். கல்யாணப் பதிவில் தகப்பன் பெயருக்கும் இடம் உண்டு. இல்லத்தில் பிள்ளையைச் சேர்த்த ஏடு கிடைத்தால் ஊர்ப் பெயரும் தெரியலாம்.

இல்லம் மூடியிருந்தால் சபை அலுவலகத்தில் விசாரிக்கலாம். பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் பழைய மிஷன் காகிதங்கள் உண்டு. சர்க்கார் காகிதங்கள் விதான சௌதாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் உண்டு. சென்னை மாகாணக் கோவில்களின் பதிவு நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

மூன்று விஷயங்களை மறக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கலாம். முனியம்மா மேரி ஆகியிருக்கலாம். இங்கிலீஷில் ஒரே ஊரைப் பல விதமாக எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால் ஊர் பிடிபடும். பழைய காகிதத்தில் மாநிலத்தின் பெயர் மைசூர் என்றே இருக்கும். 1973ல்தான் கர்நாடகம் என்று மாறியது.

சில சமயம் தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குத் தகப்பன் பெயர் சொல்லத் தெரியாது. பிள்ளையைக் கொண்டு வந்தவருக்கும் தெரிந்திருக்காது. அது யாருடைய குற்றமும் இல்லை. இல்லத்தில் சேர்த்த தேதி 1877 என்று இருந்தால், அந்தப் பிள்ளை பஞ்சத்தில் பிழைத்த பிள்ளையாக இருக்கலாம். அந்த ஒருவர் பிழைத்ததால்தான் இன்று ஒரு குடும்பமே இருக்கிறது.

வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேளுங்கள். அவர்கள் போன பிறகு சொல்ல ஆள் இல்லை. எழுதி வைத்தது பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

பதில் எழுதுங்கள்

1. தாது வருஷப் பஞ்சம் எந்த ஆண்டுகளில் வந்தது?
2. தகப்பன் பெயரை எந்தப் பதிவில் தேடலாம்?
3. உங்கள் பாட்டி, தாத்தா பிறந்த ஊர் எது?