நீர்ப்படுக்கை: சொந்தமா, இரவலா?

படுத்த படுக்கையாகிவிட்ட முதியோர் உள்ள வீடுகளில், "ஒரு வாட்டர் பெட் வாங்கிவிட்டால் போதும்" என்னும் பேச்சு இக்காலத்தில் அடிக்கடி கேட்கிறது. உத்திரமேரூர் வட்டாரத்தில் இதன்பொருட்டுக் கடன் கேட்டுச் சங்கத்திற்கு வரும் அங்கத்தினர்களை நானே கண்டிருக்கிறேன். ஆகையால் அதன் நன்மை தீமைகளைச் சற்று ஆராய்தல் தகும்.

இஃது புதிய பொருளன்று. 1832-இல் நீல் ஆர்னட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர், தொட்டியில் நீர் நிரப்பி, மேலே இரப்பர் பூசிய துணியை விரித்து, நோயாளிகளுக்கெனச் செய்தார். அதற்குக் காப்புரிமை பெற அவர் விரும்பவில்லை. வேண்டுவோர் செய்துகொள்ளட்டும் என விட்டுவிட்டார். கூட்டுறவாளர் மதிக்கத்தக்க குணம்! 1968-இல் சான்பிரான்சிஸ்கோ மாணவர் சார்லஸ் ஹால் அதனைச் சுகவாசிகளின் கட்டிலாக்கினார். 1980-களில் அமெரிக்காவில் ஏராளமாக விற்றுப் பின்னர் மவுசு குறைந்த அந்தக் கட்டில் நமக்கு வேண்டுவதன்று.

அசையாது கிடப்பவரின் உடற்பாரம் முதுகின் அடியெலும்பு, குதிகால், இடுப்பு, தோள்பட்டை ஆகிய சில இடங்களிலேயே தங்குகிறது. அங்கே நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கித் தசை அழுகுகிறது. அதுவே படுக்கைப் புண். நீர் உடலுக்கு இடங்கொடுத்துப் பாரத்தைப் பரப்பிவிடுவதால் அவ்வழுத்தம் குறைகிறது. மோட்டார் வைத்த காற்றுப் படுக்கையைப்போல் இதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை.

இனித் தொல்லைகளைக் காண்போம். ஆறடி நீளம், மூன்றடி அகலம், நான்கு அங்குல உயரத்திற்கு நிரப்பினால் ஏறக்குறைய 170 லிட்டர் நீர் பிடிக்கும். அதாவது 170 கிலோ எடை. ஆள் எடை வேறு. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் இதனைத் தாங்கா. உறுதியான பலகைக் கட்டிலோ சமதரையோ வேண்டும். குழித்தறி கூடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் நெசவாளர் வீட்டில், நிரப்பிய படுக்கையை மழை ஒழுக்குக்காக நகர்த்த நினைத்தால் நீரை முழுதும் வடித்தே ஆகவேண்டும். ஊசியும் கத்தரிக்கோலும் அருகே வரலாகாது. மார்கழியில் நீர் குளிர்ந்து முதியவர் உடற்சூட்டை உறிஞ்சும்; வெதுவெதுப்பான நீரை நிரப்பி, மேலே ஒரு மெல்லிய போர்வை விரித்தல் நலம். விரிப்பை இழுத்துக் கட்டினாலோ, நீரை மட்டுமீறி நிரப்பினாலோ படுக்கை பலகைபோல் விறைத்துவிடும். குறைவாயின் உடல் அடித்தரையில் முட்டும். ஆள் படுத்திருக்கையில் இடுப்பின் நேர்கீழே படுக்கைக்கு அடியில் கையைச் செலுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றினும் பெரிய தீமை, அது தரும் பொய்த் தைரியம். ஒரு விவசாய அங்கத்தினர் இல்லத்தில், நடவுக் காலத்தில், காலை முதல் மாலை வரை தாயார் ஒரே கிடையாய் நீர்ப்படுக்கையில் கிடந்தார். "அதுதான் வாங்கிப் போட்டிருக்கிறோமே, ஐயா" என்றார் மகன். அம்மையாரின் குதிகாலில் ஒரு ரூபாய் அளவு புண். அன்புக் குறைவன்று, புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென விற்றவர் சொல்லவில்லை. எந்தப் படுக்கையாயினும் இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றியே தீரவேண்டும். ஈரமின்றித் துடைக்கவும் வேண்டும். களைக்கும் அறுப்புக்கும் எல்லாரும் போய்விடும் நாட்களில் அண்டை வீட்டாரோடு முறை வைத்துக்கொள்ளலாம்.

சொந்தமாக வாங்குவதில் மற்றுமொரு நஷ்டம் உண்டு. தேவை தீர்ந்தபின் அது பரணில் மடிந்து கிடந்து, மடிப்பு வழியே வெடித்துப்போகிறது. சங்கமோ, துணைவிதிகள் இடந்தருமாயின், பொதுநலத்திற்கு ஒதுக்கும் தொகையில் இரண்டு படுக்கைகள் வாங்கி முன்பணத்தின்மேல் இரவல் தரலாம். திரும்பி வந்ததும் சோப்பு நீரில் கழுவி, கிருமிநாசினி தடவி, உள்ளும் புறமும் நிழலில் உலர்த்தி, பவுடர் தூவித் தளர்வாகச் சுருட்ட வேண்டும். இதற்குப் பொறுப்பாளர் ஒருவர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுக. பெயரில்லாத பொதுப்பொருள் எவ்வாறு மறையுமென்பதைத் தணிக்கையில் பலமுறை கண்டிருக்கிறேன். முதற் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரிக்கே ஒரு வாரியம் வகுத்த ஊரல்லவா நம்முடையது!

படுக்கையை ஒப்படைக்கும் நாளில், பக்கம் மாற்றும் நேரங்களைக் குறிக்க ஒரு தாளும் உடன் கொடுக்கலாம். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் செவிலியரிடம் புரட்டும் முறையை நேரில் கற்றுக்கொள்க. புண் கறுத்தோ, நாற்றம் வீசியோ இருந்தால் படுக்கைக்காகக் காத்திராது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்க.