எழுந்து நிற்கும் வலிமை: முதுமையில் உடலியக்கத்தைப் பேணுதல்

முதுமையில் ஒருவர் தமது இல்லத்தில் தாமாகவே வாழ்வதற்கு இன்றியமையாத திறன்களுள் ஒன்று, பிறர் கைகொடுக்காமல் எழுந்து நிற்பது. கழிவறைக்குச் செல்வதும், பேருந்தில் ஏறி இறங்குவதும், கோயிலில் தரையில் அமர்ந்து வழிபடுவதும் இத்திறனைச் சார்ந்தவையே. அது எவ்வாறு குறைகின்றது, எவ்வாறு மீட்கப்படலாம், அதற்கான உதவியை எங்கே பெறலாம் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகின்றது.

ஓய்வு எப்போது தீங்காகின்றது?

எமது முதியோரிற் பலர் ஊரில் வாழ்ந்த காலத்தில் உடற்பயிற்சி என்று தனியாக எதனையும் செய்ததில்லை. சம்மணமிட்டு உண்டனர், முற்றம் கூட்டினர், சந்தைக்கு நடந்து சென்றனர். நாளொன்றுக்குப் பலமுறை தரையில் அமர்ந்து எழுந்ததே கால்களுக்குப் போதிய பயிற்சியாக அமைந்தது. சிட்னிக்கு வந்தபின் உயர்ந்த மேசையும், மெத்தை இருக்கையும், வாசல்வரை வரும் காரும் அப்பயிற்சியை இல்லாமற் செய்துவிட்டன. எஞ்சியிருந்த சிறு வேலைகளையும் 'நீங்கள் இருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று பிள்ளைகள் அன்புடன் வாங்கிக்கொள்கின்றனர்.

இவ்வரிகளை எழுதுபவரின் இல்லத்திலும் இதுவே நிகழ்ந்தது. எழுபது வயதில் இங்கு வந்த தாயார், இரண்டே ஆண்டுகளில், தாழ்ந்த இருக்கையிலிருந்து எழுவதற்குக் கை கேட்கும் நிலையை அடைந்தார். மருத்துவப் பரிசோதனையில் அதற்குக் காரணமான நோய் எதுவும் காணப்படவில்லை. எழும் தேவையே அவருக்கு இல்லாமற் போயிருந்தது.

பயன்படுத்தாத தசை விரைவாகக் குறையும். 2007 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த முதியோர் 12 பேர் 10 நாட்கள் முழுமையாகப் படுக்கையில் ஓய்வெடுத்தனர். அப்பத்து நாட்களில் அவர்களது கால்களின் தசை ஏறத்தாழ ஒரு கிலோகிராம் குறைந்துவிட்டது.

இழந்த வலுவை மீட்க முடியுமா?

முடியும். மரியா ஃபியாடரோன் என்னும் மருத்துவர், பொஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு நிலையமொன்றில் வாழ்ந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு, எட்டு வாரங்கள் கால்களுக்கான எடைப் பயிற்சி அளித்தார். 1990 இல் வெளியான அதன் முடிவின்படி, பயிற்சியை நிறைவுசெய்தவர்களின் கால் வலு சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் கைத்தடியைக் கைவிட்டனர். அவர் பின்னர் சிட்னி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவாக்கப்பட்ட வீட்டுப் பயிற்சித் திட்டமும் குறிப்பிடத்தக்கது. கால் வலுப் பயிற்சி, சமநிலைப் பயிற்சி, நடை ஆகிய மூன்றும் இதில் அடங்கும். முதியோர் விழும் நிகழ்வுகள் இதனால் ஏறத்தாழ 35 விழுக்காடு குறைந்தன.

எவ்வளவு இயக்கம் தேவை?

65 வயதுக்கு மேற்பட்டோருக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட பரிந்துரை பின்வருமாறு:

• வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் வரை, சற்று மூச்சு வாங்கும் அளவிலான நடை முதலிய இயக்கம்.
• வாரத்தில் குறைந்தது இரண்டு நாட்கள் தசை வலுப் பயிற்சி.
• வாரத்தில் குறைந்தது மூன்று நாட்கள் சமநிலைக்கு முதன்மை அளிக்கும் பயிற்சி.

எம்மவரிற் பலர் மாலை நடையோடு நிறுத்திவிடுகின்றனர். நடை இதயத்திற்கு நல்லது. எனினும் எழுந்து நிற்கும் வலுவையும் விழாமல் நிற்கும் சமநிலையையும் பேண நடை மட்டும் போதாது.

உங்கள் வலுவை நீங்களே அறிய

உறுதியான நாற்காலியொன்றைச் சுவரோடு சேர்த்து வையுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகின்றது என எண்ணுங்கள். ஒருவர் அருகில் நிற்கட்டும். 70 முதல் 74 வயதுவரையான பெண்கள் 10 முறைக்குக் குறைவாகவும், ஆண்கள் 12 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால், விழும் அபாயம் கூடுதலாக உள்ளதெனக் கொள்ளப்படும். இது குறித்துக் குடும்ப மருத்துவரிடம் பேசுங்கள்.

வீட்டிலேயே செய்யத்தக்க நான்கு பயிற்சிகள்

1. எழுந்து அமர்தல்: நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து, அதனினும் மெதுவாக அமருங்கள். தொடக்கத்தில் கைகளை ஊன்றலாம். ஐந்து முறையில் தொடங்கிப் பத்து முறைக்கு உயர்த்துங்கள்.
2. குதிகால் உயர்த்தல்: சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் உயர்த்தி மெதுவாக இறக்குங்கள். பத்து முறை.
3. அடியொட்டி நிற்றல்: மேடையைப் பிடித்தபடி, ஒரு பாதத்தின் குதிகால் மறு பாதத்தின் விரல்களைத் தொடுமாறு வைத்துப் பத்து விநாடிகள் நில்லுங்கள். பின்னர் கால்களை மாற்றுங்கள்.
4. கெண்டைக்கால் நீட்டல்: சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்வைத்து, குதிகாலைத் தரையில் அழுத்தியபடி இருபது விநாடிகள் நில்லுங்கள். மறு காலுக்கும் அவ்வாறே செய்யுங்கள்.

இதய நோய், அண்மைய அறுவைச் சிகிச்சை, தலைச்சுற்றல் அல்லது எலும்புத் தேய்வு உடையோர் முதலில் மருத்துவரின் ஆலோசனையைப் பெறவேண்டும். மார்பில் வலியோ கடும் மூச்சுத்திணறலோ ஏற்பட்டால் உடனே நிறுத்தி, 000 எண்ணை அழையுங்கள்.

விழுந்துவிட்டால்

பதறி எழ முயலாதீர்கள். சிறிது நேரம் கிடந்து, எங்கேனும் வலி உள்ளதா எனப் பாருங்கள். காயம் இல்லையெனில் ஒருபக்கமாகத் திரும்பி, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, அருகிலுள்ள உறுதியான நாற்காலிக்குத் தவழ்ந்து செல்லுங்கள். அதன் இருக்கையில் கைகளை ஊன்றி, வலுவான காலின் பாதத்தை முன்வைத்து, உந்தி எழுந்து, திரும்பி அமருங்கள். எழ முடியாவிடின் உதவிக்குக் குரல் கொடுங்கள். கைக்கெட்டும் துணியால் உடலைப் போர்த்துக் கொள்ளுங்கள். காயமின்றி விழுந்திருந்தாலும் மருத்துவரிடம் தெரிவியுங்கள். பிள்ளைகள் வருந்துவார்கள் என்று மறைப்பது, அடுத்த விழுதலைத் தடுக்கும் வாய்ப்பை இழக்கச் செய்யும்.

உதவி பெறும் வழிகள்

மெடிகெயார் உரிமையுள்ளோர், நாட்பட்ட நோய்க்கான பராமரிப்புத் திட்டத்தைக் குடும்ப மருத்துவர் ஆயத்தம் செய்தால், இயன்மருத்துவர் முதலிய துறைசார் நிபுணரை ஓர் ஆண்டில் ஐந்து முறைவரை மெடிகெயார் கொடுப்பனவுடன் காணலாம். நிபுணரின் கட்டணம் கூடுதலாயின் எஞ்சிய தொகையை நீங்கள் செலுத்த நேரலாம். 65 வயதுக்கு மேற்பட்டோர் வீட்டு உதவிக்கான மதிப்பீட்டை மை ஏஜ்ட் கெயார் சேவையின் 1800 200 422 எண்ணில் கோரலாம். தமிழில் பேச விரும்புவோர் 131 450 எண்ணில் மொழிபெயர்ப்புச் சேவையை அழைத்து, அதனூடாக இணைப்பைப் பெறலாம். மதிப்பீட்டின்போது முதியவரிடம் கேட்கப்படும் கேள்விக்கு அவரே விடையளிக்க இடம் கொடுங்கள். தற்காலிக விசாவில் வந்துள்ள பெற்றோர் இச்சேவைகளுக்கு உரித்துடையோரா என்பதை முன்கூட்டியே உறுதிசெய்து கொள்ளுங்கள். மேலே கூறிய பயிற்சிகளுக்கோ விசாவும் வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோரிடமிருந்து வாங்கிக்கொண்ட வேலைகளுள் பாதுகாப்பானவற்றை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். துணி மடித்தல், செடிகளுக்கு நீர் ஊற்றல், கடைக்கு உடன் நடந்து வருதல் ஆகியன சிறிய வேலைகளே; ஆயினும் ஒவ்வொன்றும் அவர்களை எழுந்து நிற்கச் செய்யும். மேலே குறிப்பிட்ட தாயார் நாள்தோறும் இருவேளை நாற்காலிப் பயிற்சி செய்து, சில மாதங்களில் கை கேளாமல் எழலானார். இன்று தோட்டத்துக் கறிவேப்பிலையைப் பறித்து வருவது அவருடைய பொறுப்பு. உங்கள் பெற்றோர் எழ முயலும்போது அருகில் நில்லுங்கள். ஆனால் கையை நீட்டுவதற்கு முன் சற்றுப் பொறுத்திருங்கள்.