கோழி வாங்கும் முன் கேளுங்கள்: இது அடை காக்குமா?



கோழி வளர்ப்புக் கடனுக்குத் தீர்மானம் எழுதும்போது "எத்தனை கோழி?" என்று கேட்கிறோம். "என்ன கோழி?" என்று கேட்பதில்லை. நம் குழு ஒன்றில் பத்துப் பேர் கிராமப்பிரியா கோழி வாங்கினார்கள். நல்லாத்தான் முட்டை போட்டது. அதை விற்காமல், அடை வைத்துக் கோழியைப் பெருக்கலாம் என்று சேர்த்து வைத்தார்கள். ஒரு கோழிகூட அடையில் உட்காரவில்லை. முட்டை கெட்டது, தவணையும் நின்றது. "கோழிக்கு ஏதும் கோளாறா?" என்று எங்களைக் கேட்டார்கள். கோழி மேல தப்பில்லை. வாங்கும் முன்பே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

நம்ம நாட்டுப் பெட்டை 12 முதல் 15 முட்டை இட்டதும் அடைக்கு வந்துவிடும் (சில ஊரில் அவயம் என்கிறோம்). இரை சரியாக எடுக்காது, கிட்டப் போனால் கொத்தும், முட்டையை நிறுத்திவிடும். 21 நாள் அடை, பிறகு குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம். இப்படி வருடத்துக்கு மூன்று நான்கு ஈடுதான் வரும். மொத்தம் 50, 60 முட்டை. இதைக் குறை என்று நினைக்காதீங்க. கரண்டு பில் இல்லாத குஞ்சு பொரிப்பான் அது! சிலர் அடையைத் தெளிய வைக்கத் தண்ணீரில் முக்குவார்கள், மூக்கில் இறகு செருகுவார்கள். பாவம், அது வேண்டாமே.

நாமக்கல் பண்ணைகளில் கூண்டில் வளரும் வெள்ளை லெகார்ன் வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். அடைக்கு வராத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து உருவாக்கிய இனம் அது. ஐதராபாத் கோழி ஆராய்ச்சி நிலையத்தின் கிராமப்பிரியா, வீட்டுப் புறக்கடையில் 160 முதல் 180 முட்டை இடும். வனராஜா 100, 110 இடும், எடையும் நன்றாக வரும். இவற்றை அடையை நம்பி வாங்கக் கூடாது. இன்னொரு விஷயம்: இவை கலப்பினம். முட்டையை நாட்டுக்கோழியின் கீழே வைத்துப் பொரித்தாலும், குஞ்சு தாயைப் போல முட்டையிடாது. ஒவ்வொரு முறையும் புதுக்குஞ்சு வாங்கித்தான் ஆகணும். அந்தச் செலவையும் கடன் கணக்கில் சேருங்கள். மேய்ச்சலோடு தவிடு, குருணை, கிளிஞ்சல் தூளும் போட வேண்டும்.

வாராவாரம் முட்டைக் காசு வேண்டுமா, கிராமப்பிரியா. குஞ்சும் கறிக்கோழியும் விற்கணுமா, நாட்டுக்கோழி. மூன்று நாட்டுப் பெட்டை, நான்கு ஈடு, ஈட்டுக்கு 12 முட்டை என்று வைத்துக்கொள்வோம். பத்து பொரித்து, பருந்துக்கும் கீரிக்கும் போக ஆறு தங்கினாலும் வருடத்துக்கு 72 கோழி. ஈடு கூட வேண்டுமென்றால், மூன்று வாரத்தில் குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து, பல்பு வெளிச்சத்தில் கதகதப்பாக வளர்க்கலாம். தாய் சீக்கிரம் அடுத்த ஈட்டுக்கு வரும்.

கூட்டத்தில் அடிக்கடி வரும் கேள்வி: சேவல் இல்லாமல் முட்டையிடுமா? இடும். ஆனால் பொரிக்காது. அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி டார்ச் லைட்டில் முட்டையைப் பாருங்கள். சிவப்பு நரம்பு ஓடினால் கரு இருக்கு. இல்லாததை எடுத்துவிடலாம், கூமுட்டையாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த இனமானாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூடே காலி. குஞ்சுக்கு ஏழாம் நாள் சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி. கால்நடை மருந்தகத்தில் தேதி கேட்டுக் குழு நோட்டில் எழுதி வையுங்கள்.

அந்தக் குழுவினர் இப்போது முட்டையைச் சேர்த்து வைப்பதில்லை, வாரச்சந்தையில் விற்றுத் தவணை கட்டுகிறார்கள். ஆறு பேர் ஆளுக்கு இரண்டு நாட்டுப் பெட்டையும் வாங்கி விட்டிருக்கிறார்கள்.